சிறு படகுக்கு ஹைட்ராலிக் ஸ்டீயரிங்: கேள்வி பதில்

அவுட்போர்ட் எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) பூட்டிய சிறு படகில் கேபிள் ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பொருத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் படகு 17 அடி, 90 குதிரைத்திறன் எஞ்சின். வேகம் பிடித்ததும் ஸ்டீயரிங் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டினால் தோள் வலிக்கிறது. ஹைட்ராலிக் மாற்றினால் தீருமா?

பதில்: தோள்வலி தீரும். இழுப்பு தீராது, உங்கள் கைக்குத் தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான். புரொப்பெல்லர் சுழலும்போது எஞ்சினை ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும். சாதாரணக் கேபிளில் அந்த விசை அப்படியே சக்கரத்துக்கு வந்துவிடும். ஹைட்ராலிக்கில் சக்கரத்தின் பின்னால் உள்ள பம்புக்குள் தடுப்பு வால்வுகள் இருக்கின்றன. நீங்கள் திருப்பினால் எண்ணெய், எஞ்சினைத் திருப்பும் சிலிண்டருக்குப் போகும். எஞ்சின் தள்ளினால் எண்ணெய் திரும்பி வராது. ஆனால் எஞ்சின் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதைச் சிலிண்டரும் சீல்களும் தாங்க வேண்டும்.

ஆகவே கேபிள் இருக்கும்போதே டிரிம் டேபைச் சரிசெய்துவிடுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தகட்டின் அடியில் சிறு வால் போல ஒன்று இருக்கும். படகு வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்விளிம்பை வலப்பக்கமே கொஞ்சம் நகர்த்தி, வழக்கமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஹைட்ராலிக் போட்ட பிறகு இந்த வேலையைச் செய்ய முடியாது. இழுப்பு எந்தப் பக்கம் என்று சொல்ல கையில் எந்த உணர்வும் இருக்காது.

இழுப்பு மட்டுமே தொல்லை, கேபிள் நன்றாக வழுக்கி ஓடுகிறது என்றால் இன்னொரு வழியும் உண்டு. எஞ்சினின் விசை திரும்பி வராதபடி செய்யப்பட்ட கேபிள் ஸ்டீயரிங் தலைகள் கிடைக்கின்றன. செலவு குறைவு, எண்ணெய் வேலை கிடையாது.

கேள்வி: எனக்கு இழுப்பு இல்லை, ஆனால் சக்கரம் இரண்டு பக்கமும் இறுக்கமாக இருக்கிறது.

பதில்: கேபிளை எஞ்சினிலிருந்து கழற்றுங்கள். எஞ்சினை நேராக நிறுத்தி, கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். லேசாகத் திரும்பினால் குற்றவாளி கேபிள். எஞ்சினே இறுகியிருந்தால் அது திரும்பும் அச்சில் பழைய கிரீஸ் கட்டியாகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஹைட்ராலிக் போட்டால் பம்பின் பலத்தில் எஞ்சின் திரும்பத்தான் செய்யும். இறுக்கமும் அப்படியே உள்ளே இருந்து அச்சைத் தின்னும்.

கேள்வி: 25 குதிரைத்திறன், கைப்பிடி வைத்த எஞ்சின். ஹைட்ராலிக் தேவையா?

பதில்: தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல உயிர்காப்பு உடைகள் வாங்குங்கள்.

கேள்வி: வாங்குவதற்கு முன் என்னென்ன அளக்க வேண்டும்? கடையில் எஞ்சின் குதிரைத்திறனை மட்டும் கேட்கிறார்கள்.

பதில்: குதிரைத்திறனைக் கேட்பது சரிதான். ஒவ்வொரு ஸ்டீயரிங் தொகுப்புக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. சிறு படகுகளுக்கென வரும் பல தொகுப்புகள் 150 குதிரைத்திறனோடு நின்றுவிடும். படகில் ஒட்டியிருக்கும் திறன் தகடு எவ்வளவு பெரிய எஞ்சினை அனுமதிக்கிறதோ அதற்குத் தகுந்ததை வாங்குங்கள். நாளைக்கு எஞ்சினை மாற்றினாலும் ஸ்டீயரிங்கை மாற்ற வேண்டியிருக்காது.

ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் குதிரைத்திறனால் அல்ல, இடப் பற்றாக்குறையால். எஞ்சினின் முன்பக்கம் பொருத்தும் சிலிண்டரில் தண்டு அசையாது. சிலிண்டரின் உடல்தான் தண்டின் மேல் இடமும் வலமும் ஓடும். எஞ்சினை மேலே தூக்கும்போது அந்த முழு அமைப்பும் சுழன்று, எஞ்சினுக்கு முன்னால் உள்ள பள்ளத்துக்குள் இறங்கும். அதனால் எஞ்சினை முழுவதும் மேலே தூக்குங்கள். ஒரு கோடிக்குத் திருப்பிப் பாருங்கள், மறு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். சிலிண்டரின் அளவில் ஓர் அட்டைக் குழலை வெட்டிக் கட்டிவைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. சிலிண்டர் நுழைந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அதிலிருந்து ஹோஸ்கள், அதாவது எண்ணெய் போகும் குழாய்கள், வளைந்து வெளியேறும் முனைகளுக்கும் இடம் வேண்டும். அந்த முனை பள்ளத்தின் சுவரில் இடித்தால் ஒருநாள், எஞ்சினைத் தூக்கி இறக்கும் டிரிம் மோட்டார் அதை உடைத்துவிடும். டிரிம் மோட்டாரின் பலத்துக்கு முன்னால் பித்தளை முனை ஒன்றுமே இல்லை. இடமே இல்லாத படகுகளுக்குப் பக்கவாட்டில் பொருத்தும் சிலிண்டர் இருக்கிறது.

அடுத்தது டில்ட் குழாய், அதாவது எஞ்சின் எந்தக் குழாயை அச்சாகக் கொண்டு மேலே எழும்புகிறதோ அது. சிலிண்டரைத் தாங்கும் தண்டு அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதன் நீளமும் உள்விட்டமும் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். உங்கள் எஞ்சினின் பெயர், மாடல், ஆண்டு மூன்றையும் தொகுப்பின் பொருத்தப் பட்டியலில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

டேஷ்போர்டின் பின்னால் பம்ப் உட்கார ஆழம் இருக்கிறதா, பழைய துளையைப் பெரிதாக்க வேண்டுமா என்றும் பாருங்கள். டேஷ்போர்டு மெல்லியதாக இருந்தால் பின்னால் ஒரு தடித்த பலகை வையுங்கள். பழைய சக்கரம் முக்கால் அங்குலக் கூம்புத் தண்டில் ஏறுவதாக இருந்தால் பெரும்பாலும் புதிய பம்பிலும் ஏறிவிடும்.

கேள்வி: பழைய கேபிள் டில்ட் குழாய்க்குள் மாட்டிக்கொண்டது. சுத்தியலால் அடிக்கலாமா?

பதில்: கேபிள் முனையைச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் அது காளான் போல விரிந்து, பிறகு எந்த வழியிலும் வராது. துரு இளக்கும் எண்ணெயை இரு முனைகளிலும் விட்டு ஓர் இரவு விடுங்கள். பிறகு குழாயை வெப்பக் காற்றால் சூடாக்கி, கேபிளை விடச் சற்று மெல்லிய கம்பியை வைத்துத் தட்டுங்கள். பெட்ரோல் குழாய்களும் டேங்கும் அருகில் இருக்கும் இடத்தில் நெருப்புச் சுவாலை காட்டவே கூடாது. கேபிள் வெளியே வந்ததும் குழாயின் உட்புறத்தை வட்டத் தூரிகையால் தேய்த்துப் பழைய கிரீஸ் முழுவதையும் எடுங்கள். புதிய தண்டு கையால் தள்ளினாலே ஓட வேண்டும். தட்டித்தான் போகும் என்றால் குழாய் இன்னும் சுத்தமாகவில்லை.

கேள்வி: சிலிண்டரைப் பொருத்தும்போது எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது?

பதில்: எண்களை உங்கள் தொகுப்போடு வந்த கையேட்டில் இருந்தே எடுங்கள், ஒரு தொகுப்பின் எண் இன்னொன்றுக்குப் பொருந்தாது. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள், புதிது போடுங்கள். ஸ்டீயரிங்கில் ஒரு நட் கழன்றால் படகில் ஸ்டீயரிங்கே இல்லை.

தண்டு டில்ட் குழாயில் இடவலமாக ஆடக் கூடாது. அந்த ஆட்டத்தை எடுக்கவே குழாயின் மரையில் ஒரு சரிசெய்யும் நட் தரப்படுகிறது. எல்லாம் முடிந்த பிறகு எஞ்சினைப் பின்னாலிருந்து பிடித்து ஆட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று சத்தம் வந்தால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. வேகத்தில் படகு தானாக இடமும் வலமும் அலைவதற்கு அந்தச் சிறு ஆட்டமே போதும்.

கேள்வி: எண்ணெய் கசியாமல் இருக்க மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றினேன். சரிதானே?

பதில்: எண்ணெய் நிரப்புவதற்கு முன் கழற்றிவிடுங்கள். டேப்பின் நூல் ஒன்று உள்ளே போனால் பம்பின் தடுப்பு வால்வில் சிக்கிக்கொள்ளும். வால்வு மூடாது, சக்கரம் வழுக்கும். காரணத்தைத் தேடி நீங்கள் சிலிண்டரையே மாற்றுவீர்கள். கூம்பு மரைகளுக்குக் குழம்பு வடிவ சீலன்ட். அதையும் முதல் ஓரிரு மரைகளை விட்டுவிட்டுத் தடவ வேண்டும். ஹோஸ் முனைகளின் கூம்பு இணைப்புகளில் எதுவும் தேவையில்லை, உலோகமே உலோகத்தை அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஹோஸ்களை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: கூர்மையான வளைவு இல்லாமல். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். எஞ்சின் பக்கம் முழுத் திருப்பத்துக்கும் முழுத் தூக்கலுக்கும் போதுமான தளர்வு விட வேண்டும். பேட்டரியிலிருந்தும் சூடாகும் பாகங்களிலிருந்தும் தள்ளி வையுங்கள். இரண்டு ஹோஸ்களும் ஒரே நிறத்தில் இருக்கும். இழுக்கும் முன்பே இரு முனைகளிலும் ‘இடது’, ‘வலது’ என்று அடையாளம் ஒட்டிவிட்டால் பின்னால் தலையைச் சொறிய வேண்டாம்.

கேள்வி: காற்று எடுப்பதுதான் புரியவில்லை. இரண்டு முறை செய்தும் சக்கரம் பஞ்சு போல அமுங்குகிறது.

பதில்: வரும் புகார்களில் பாதி இதுதான். எண்ணெய் அழுத்தத்தில் சுருங்காது, காற்று சுருங்கும். உள்ளே கொஞ்சம் காற்று இருந்தாலும் நீங்கள் திருப்புவது அந்தக் காற்றை நசுக்குவதில் போய்விடும்; எஞ்சின் தாமதமாகத் திரும்பும்.

இருவர் வேண்டும்: ஒருவர் சக்கரத்தில், ஒருவர் சிலிண்டரில். எண்ணெய்ப் புட்டியைப் பம்பின் நிரப்பு துளையில் குழாயோடு கவிழ்த்து மாட்டுங்கள். புட்டியில் எண்ணெய் தீரவே கூடாது. தீர்ந்தால் பம்ப் காற்றை உறிஞ்சிவிடும், மறுபடி முதலிலிருந்து. ஒரு சக்கரம், ஒரு சிலிண்டர் உள்ள படகுக்கு 2 லிட்டர் கையில் இருக்கட்டும். எண்ணெய் நிறைந்து சிலிண்டர் நகரும் வரை நிதானமாகச் சக்கரத்தைச் சுற்றுங்கள்.

பிறகு சிலிண்டரை ஒரு கோடி வரை கொண்டுபோங்கள். இப்போது ஒரு பக்க அறை கிட்டத்தட்டக் காலியாக, சுருங்கியிருக்கும். அந்த அறையின் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகு முனை) திறந்து ஒரு தெளிவான குழாயை மாட்டிப் பாத்திரத்தில் விடுங்கள். பின்னால் இருப்பவர் சிலிண்டரை நகர விடாமல் பிடித்துக்கொள்ள, முன்னால் இருப்பவர் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். சிலிண்டரை நகர்த்த வந்த எண்ணெய், அது நகர முடியாததால், நிப்பிள் வழியாகக் குமிழிகளோடு வெளியேறும். குமிழி இல்லாத எண்ணெய் தொடர்ந்து வந்ததும் நிப்பிளை மூடுங்கள், ஆனால் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே. பலர் தவறவிடுவது இந்த நொடியைத்தான். “நிறுத்து” என்று சொல்லிவிட்டு மூடுகிறார்கள். அதற்குள் காற்று திரும்ப உள்ளே போய்விடுகிறது. அதன் பிறகு மறு கோடிக்குப் போய் மறுபக்க நிப்பிளில் இதையே செய்யுங்கள். நடுவில் ஹோஸ்களை லேசாகத் தட்டிவிட்டால் ஒட்டியிருக்கும் குமிழிகள் நகரும்.

சோதனை எளிது. புட்டியை எடுத்துவிட்டுப் பம்பில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். சக்கரத்தை ஒரு கோடிக்குத் திருப்பி, அதற்கு மேலும் பலமாக அழுத்துங்கள். எண்ணெய் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் காற்று இன்னும் இருக்கிறது. இறங்கவில்லை என்றால் முடிந்தது. கடைசியில் எண்ணெயை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வெயிலில் எண்ணெய் விரியும்.

பாத்திரத்தில் பிடித்த எண்ணெயை உடனே திரும்ப ஊற்ற வேண்டாம். நுண்குமிழிகள் அடங்க நேரம் கொடுங்கள், தூசு இருந்தால் வடிகட்டுங்கள்.

கேள்வி: அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். தயாரிப்பாளர் சொல்லும் ஸ்டீயரிங் எண்ணெய்தான். பொதுவாக ஐஎஸ்ஓ 15 பாகுத்தன்மை உள்ள மெல்லிய ஹைட்ராலிக் எண்ணெய். ஒரு புட்டியைப் படகிலேயே வையுங்கள். நடுக்கடலில் கசிந்தாலும் ஊற்றி ஊற்றிக் கரைக்கு வந்துவிடலாம்.

கேள்வி: எல்லாம் முடிந்தது. சக்கரத்தை வலம் திருப்பினால் எஞ்சின் படகை இடம் திருப்புகிறது!

பதில்: ஹோஸ்கள் மாறிவிட்டன. பம்பின் பின்னால் இரண்டையும் மாற்றிப் போட்டு, மறுபடி காற்றெடுங்கள். அந்த அடையாள ஒட்டு இதற்குத்தான்.

கேள்வி: நேராக ஓடும்போது சக்கரத்தின் நடுச் சின்னம் மேலே இருக்கும்படி வைத்தேன். ஒரு வாரத்தில் சாய்ந்துவிட்டது. பழுதா?

பதில்: பழுது இல்லை. சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே இருப்பது எண்ணெய், பல்சக்கரம் அல்ல. உள்ளே துளித்துளியாக நழுவத்தான் செய்யும். ஆரங்கள் சமமாக உள்ள சக்கரம் போட்டால் கண்ணை உறுத்தாது.

கேள்வி: ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 5 சுற்று. அதிகமாகத் தெரிகிறது. குறைக்க முடியுமா?

பதில்: சிலிண்டரின் கொள்ளளவைப் பம்ப் ஒரு சுற்றில் தள்ளும் அளவால் வகுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை வரும். 140 மில்லி சிலிண்டர், 28 மில்லி பம்ப் என்றால் 5 சுற்று. பெரிய பம்ப் போட்டால் சுற்று குறையும், கை பலம் கூடுதலாக வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பழகிவிடும். பக்கவாட்டுச் சிலிண்டர் சிலவற்றில் இடத்துக்கும் வலத்துக்கும் சுற்றுகள் வேறுபடும். தண்டு ஒரு பக்க அறையில் மட்டும் இடத்தை அடைப்பதால் அப்படி.

கேள்வி: சக்கரத்தை விட்டாலும் படகு நேராகப் போகிறது. இனி எஞ்சின் நிறுத்தக் கயிறு (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) தேவையில்லையே?

பதில்: தேவை, முன்பைவிட. கேபிளில் கையை விட்டால் எஞ்சின் சட்டென்று திரும்பி ஆளைத் தூக்கி எறியும். ஹைட்ராலிக்கில் அது நடக்காது என்பது உண்மை. ஆனால் திருப்பத்தில் நீங்கள் விழுந்தால் திருப்பிய நிலையிலேயே ஸ்டீயரிங் நிற்கும்; படகு வட்டமடித்து உங்கள் மேலேயே திரும்பி வரும். கயிற்றை மாட்டுங்கள்.

கேள்வி: சிலிண்டர் தண்டில் எண்ணெய் ஈரம் தெரிகிறது.

பதில்: துடைத்துவிட்டு, ஒருநாள் ஓட்டி மறுபடி பாருங்கள். மெல்லிய படலம் இயல்பு. சொட்டினால் முனை சீல் தேய்ந்திருக்கிறது. சீல் தொகுப்பு தனியாகக் கிடைக்கும். சீல் மாற்றும் முன் தண்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். குழியோ கீறலோ நகத்தில் தட்டினால் புதிய சீலையும் அது கிழித்துவிடும். உப்புத் தண்ணீரில் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தால் போதும். அசிட்டோன், அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் எதுவும் சீல் பக்கம் போகக் கூடாது.

கேள்வி: பின்னாளில் ஆட்டோபைலட் சேர்க்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு ஹோஸ்களிலும் ஒவ்வொரு டி (T) வடிவ இணைப்பு, பம்பின் எண்ணெய்த் தொட்டிக்கு ஒரு மூன்றாவது குழாய். சேர்த்த பிறகு முழு அமைப்பிலும் மீண்டும் காற்றெடுக்க வேண்டும்.