600 ரூபாய்க்கு ஒரு குச்சி: வாங்கலாமா?

கேள்வி: கொடைக்கானல் பக்கம் பெரியப்பா விட்டுப்போன கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. பழைய ஆப்பிள் வகைகளை அங்கே வளர்க்க ஆசை. இங்கிலாந்திலிருந்து வரவழைத்த 'காக்ஸ் ஆரஞ்சு பிப்பின்' ஒட்டுக்குச்சி (வேறொரு செடியில் ஒட்டி வளர்க்கும் கிளைத்துண்டு), ஒன்று 600 ரூபாய் என்று இணையத்தில் ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். போன மே மாதம் ஆறு குச்சி வாங்கினேன். ஒன்றுகூட ஒட்டிப் பிடித்துத் தளிர்க்கவில்லை. 'உங்களுக்கு ஒட்டத் தெரியவில்லை' என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? நல்ல குச்சி எங்கே கிடைக்கும்?
– வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: மே மாதத்தில் ஆப்பிள் குச்சி எங்கிருந்து வந்தது என்று முதலில் அவரைக் கேளுங்கள். மரம் இலையுதிர்த்து உறங்கும் குளிர்காலத்தில்தான் ஒட்டுக்குச்சி வெட்டுவார்கள். கடைசி ஒரு வருடத்தில் வளர்ந்த, பென்சில் தடிமனுள்ள குச்சி. ஈரக் காகிதம் சுற்றிப் பாலித்தீன் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். அதே ஃபிரிட்ஜில் ஆப்பிள் பழம் இருக்கக் கூடாது என்பதுதான் வேடிக்கை. பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டுகளைக் கெடுத்துவிடும். இவ்வளவு பாதுகாத்தாலும், மே மாதச் சென்னை வெயிலில் கூரியர் வண்டிக்குள் கிடந்தால் எல்லாம் வீண். அடுத்த முறை பார்சல் வந்ததும் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருக்க வேண்டும். தோல் சுருங்கியிருந்தாலோ மொட்டு விரிந்திருந்தாலோ ஒட்டுவதில் பயனில்லை. பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள்.

அப்புறம், அந்த 'இங்கிலாந்து' சமாசாரம். வெளிநாட்டுக் குச்சியை உள்ளே கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதி வேண்டும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வந்த பிறகும் கொஞ்ச காலம் தனியே வளர்த்துக் கண்காணிக்க வேண்டும். நம் மீனம்பாக்கத்திலேயே இதற்கென மண்டல நிலையம் இருக்கிறது. இது வெறும் காகித வேலை இல்லை. மரத்தையே தீய்த்தது போலக் கருக்கிவிடும் பாக்டீரியா நோய் ஒன்று ஆப்பிளுக்கு உண்டு; 1957-இல் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. நோயுள்ள குச்சி வழியாகவும் அது ஊர்விட்டு ஊர் போகும். எனவே அந்தச் சான்றிதழ்களின் நகலைக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் சரக்கு கள்ளத்தனமாக வந்திருக்க வேண்டும், அல்லது இங்கிலாந்து என்பதே கதையாக இருக்க வேண்டும். எதுவானாலும் அவரிடம் வாங்க வேண்டாம்.

பணம் விஷயத்தில் வெளிப்படையாகச் சொல்கிறேன். 'குச்சி காய்ந்துவிட்டது' என்று புகார் செய்தால் தவறு யார் கையில் என்ற வாதம் முடியவே முடியாது. 'இறக்குமதி என்று விளம்பரம் செய்தார், சான்று கேட்டால் தரவில்லை' என்று எழுதுங்கள். அதை நிரூபிக்க விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பணம் கட்டிய ரசீதும் உதவும். விற்பனைத் தளம் வழியாக வாங்கியிருந்தால், அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். அதில் நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் சென்னையிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 3,600 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் அலைவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நான் என்றால் 1915 வரை கட்டாயம் போவேன்.

இனி வாங்குவது பற்றி. காக்ஸ் நல்ல குளிர்நாட்டு மரம். கொடைக்கானல் குளிர் நமக்குத்தான் பெரிது, அது பூத்துக் காய்க்கப் போதாது. அங்கேயே இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் 'பார்லின்ஸ் பியூட்டி' பற்றிக் கேளுங்கள், அவர்கள் கே.கே.எல். 1 என்ற பெயரில் வெளியிட்ட வகை அது. வெறும் குச்சியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அதை ஒட்டுவதற்கு, அடியில் வேராக நிற்கும் எம்.எம். 106 போன்ற வேர்ச்செடியும் வேண்டும். முதல் முயற்சிக்கு ஒட்டிய கன்றாகவே வாங்கிவிடுவது மேல்.

கேள்வி: மொட்டை மாடியில் காய்க்கும் என்று 'அன்னா' ஆப்பிள் கன்று 800 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அன்னா இஸ்ரேலில் உருவான, குறைந்த குளிரே போதும் என்கிற வகை. அந்தக் 'குறைந்த' குளிருக்கே 7 டிகிரிக்குக் கீழே இருநூறு முந்நூறு மணி நேரம் வேண்டும். நம் மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டி நிற்கும். ஜாவா தீவில் இலைகளை எல்லாம் கையால் உருவி, மரத்தை ஏமாற்றிப் பூக்க வைக்கிறார்கள் என்பதால், காய்க்கவே காய்க்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தொட்டியில் ஒரு கொய்யா வைத்தால் தினமும் பறிக்கலாமே!

கேள்வி: அம்பத்தூரில் தாத்தா வைத்த மாமரம். வகை பெயர் தெரியாது. வீட்டில் 'தேங்காய் மாங்கா' என்போம். ஆவணியில் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். அதே வகைக் கன்று எந்த நர்சரியில் கிடைக்கும்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: எங்கும் தேடாதீர்கள். கேட்டால் எல்லோரும் 'இருக்கு சார்' என்பார்கள். நான் ஒரு சாலையோர நர்சரியில் இமாம் பசந்த் என்று வாங்கி, நான்கு வருடம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் கிளிமூக்கு பறித்தேன். காய்க்கும் வரை பெயரைச் சரிபார்க்க வழியில்லை என்பதுதான் ஒட்டுக்கன்று வியாபாரத்தின் வசதி. உங்களுக்கோ தாய்மரமே கண்முன் நிற்கிறது. கொட்டை போட்டால் அதே பழம் வருவது நிச்சயமில்லை. ஒட்டுத்தான் கட்ட வேண்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை அதற்கு நல்ல பருவம். மூன்று நான்கு மாதம் முதிர்ந்த நுனிக்கிளைகளைத் தேர்ந்தெடுத்து, காம்பை விட்டு இலையை மட்டும் நறுக்குங்கள். ஒரு வாரம், பத்து நாளில் நுனிமொட்டு திரளும். அப்போது வெட்டி ஈரத்துணியில் சுற்றி அன்றைக்கே ஒட்ட வேண்டும். நாட்டு மாங்கன்றின் இளந்தண்டைப் பிளந்து, குச்சியை ஆப்பு போலச் சீவிச் செருகி, பாலித்தீன் பட்டையால் இறுக்கிக் கட்டி, மேலே பிள்ளைகள் உறிஞ்சும் பாக்கெட் ஐஸின் நீளக் கவரை மாட்டிவிடுவார்கள். மூன்று வாரத்தில் தளிர் தெரியும்.

பழகிய கை வேண்டும் என்பதால் ஒட்டுக்கட்டுபவரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். கூலியைத் தளிர்த்த கன்றுக்கு மட்டும் என்று பேசுங்கள். இரண்டோடு நிறுத்தாமல் இருபது கன்றாவது கட்டச் சொல்லுங்கள். மீந்தால் உறவுக்காரர்கள் அடித்துக்கொண்டு வாங்குவார்கள். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வரும் தளிரைக் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

முக்கியமாக, கட்டட ஒப்பந்தத்தில் புரட்டாசி முடியும் வரை மரத்தில் கை வைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை பிடிக்காவிட்டால், மறுபடி குச்சி வெட்ட மரம் நிற்க வேண்டுமே.