மட்டக்குதிரையும் கேரட்டும்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

அடி, அதட்டல் இல்லாமல் தீனி கொடுத்துக் குதிரை பழக்குவது பற்றிக் கொடைக்கானல், நீலகிரிப் பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் கேட்டவை.

கொடைக்கானல், நாயுடுபுரம்: அண்ணே, சாட்டையை விட்டுட்டு கேரட்டுக்கு மாறி ரெண்டு வாரம் ஆச்சு. இப்போ மட்டம் என் சட்டைப் பையையே மோந்துக்கிட்டு திரியுது. நேத்து கையைக் கவ்விருச்சு. விட்டுரவா?

விட வேண்டாம். குதிரை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது. பையை மோந்தால் கேரட் வரும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். தீனி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் தலை நிற்கும். அதனால் இனி கொடுக்கும் இடத்தை மாற்றுங்கள்.

லாயத்துக் குறுக்குக் கம்புக்கு அந்தப் பக்கம் குதிரை, இந்தப் பக்கம் நீங்கள். அரைமணி முன்பே காய்ந்த புல் போட்டுவிடுங்கள். குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிறு புண்ணுக்கு வழி, பாடத்துக்கும் ஆகாது. பசித்த குதிரைக்குப் பறிக்கத்தான் தோன்றும். தீனிப்பையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கை இரண்டையும் வயிற்றின் மேல் கட்டி நில்லுங்கள். மோந்து பார்க்கட்டும். திட்டாதீர்கள், தட்டாதீர்கள். முகத்தை ஒரு விரற்கடை அந்தப் பக்கம் திருப்பினாலும் போதும், அந்தக் கணமே ‘சரி, தீனி வருகிறது’ என்பதற்கு அடையாளமாக நீங்கள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுங்கள். கை பைக்குள் போவது அதற்குப் பிறகுதான். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கே: கை முதலில் அசைகிறது, சத்தம் பின்னால் வருகிறது. அப்படியானால் குதிரை சத்தத்தைக் கேட்காது, கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

கையை முழுதாக நீட்டி, முகம் நேராக இருந்தால் வாய் எங்கே இருக்குமோ அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். உள்ளங்கை விரிந்திருக்கட்டும், கட்டைவிரல் ஒட்டியிருக்கட்டும். முகத்துக்கு நேர்கீழே இருப்பது குதிரைக்குத் தெரியாது. உதட்டால் தடவித்தான் எடுக்கும், மடக்கிய விரல் பல்லுக்குள் போவது அதனால்தான்.

இருபது துண்டு தீர்ந்ததும் நிறுத்துங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. தலை திரும்பி நிற்கும் நேரத்தை ஒரு நொடியிலிருந்து மூன்று, ஐந்து, பத்து என்று கூட்டுங்கள். இடையில் ஒருநாள் முன்னைவிட மோசமாக முட்டும். வழக்கமாகக் கிடைத்தது நின்றால் யாரும் ஒருமுறை பலமாகக் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள் இல்லையா? அன்றைக்கு மனம் இளகி ஒரு துண்டு கொடுத்தால், பலமாக முட்டினால் கிடைக்கும் என்பது ஆழப் பதிந்துவிடும். பத்து நொடி நிலைத்த பிறகு கம்பை எடுத்துவிடலாம்.

ஊட்டி: சத்தத்துக்கு நாக்கைச் சொடுக்கினா போதுங்களா?

வேண்டாம். குதிரையைக் கிளப்ப நம் ஆட்கள் எல்லோரும் நாக்கைத்தான் சொடுக்குகிறார்கள். ஒரே சத்தம் ‘நட’ என்றும் ‘சரி, கூலி வருகிறது’ என்றும் இருந்தால் குதிரை என்ன செய்யும்? தரையில் நிற்கும்போது அழுத்தினால் ‘டிக்’ என்கிற பேனா போதும். மேலே உட்கார்ந்தால் கை கடிவாளத்தில் இருக்கும், அதற்கு வாயால் ஒரு குட்டையான ‘ப்ப்’. ஒரு சத்தத்துக்கு ஒரு துண்டு. தவறிச் சத்தம் கொடுத்துவிட்டாலும் கூலி கொடுத்தே ஆகவேண்டும்.

தாண்டிக்குடி: தோட்டத்துல விளையுற எதை வேணும்னாலும் கொடுக்கலாமா?

பட்டர் ஃப்ரூட் கூடவே கூடாது. பழம், இலை, கொட்டை மூன்றுமே குதிரைக்கு விஷம். தலையும் உதடும் வீங்கும், இதயத்தையும் தாக்கும். மரத்தடியில் கட்டிப்போடவும் வேண்டாம். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் கழிவையும் தள்ளுங்கள். கேரட் நல்லது, ஆனால் வட்டமாக நறுக்காதீர்கள், உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மூக்கு வழியாகத் தீனியும் எச்சிலும் வந்தால் தீனி, தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீளவாக்கில், சுண்டுவிரல் தடிமனில் நறுக்குங்கள். குளம்பு அழற்சி வந்த குதிரைக்கு வெல்லமும் கேரட்டும் வேண்டாம், நறுக்கிய காய்ந்த புல்லே கூலியாக இருக்கட்டும்.

கோத்தகிரி: அங்கவடியில கால் வெச்சதுமே நடக்க ஆரம்பிச்சுருதுங்க. ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கு.

முதலில் முதுகு. சேணத்தைக் கழற்றி, முதுகெலும்புக்குச் சற்றுத் தள்ளி இரு பக்கமும் நான்கு விரலால் அழுத்திக்கொண்டே பின்னால் போங்கள். சதை துடித்தாலோ முதுகு குழிந்தாலோ அது வலி. வயிற்று வாரை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்கத் திரும்புவதும் அப்படித்தான். வலிக்குத் தீனி மருந்தல்ல.

வலி இல்லையென்றால் தரையிலிருந்து ஏறுவதை நிறுத்திவிட்டு உறுதியான ஒரு முக்காலி போடுங்கள். முக்காலிக்குப் பக்கத்தில் நின்றால் சத்தம், தீனி. நீங்கள் அதன் மேல் ஏறி நின்றாலும் நகராமல் இருந்தால் தீனி. அடுத்து சேணத்தில் கை, அங்கவடியில் கால், காலில் பாதி எடை, பிறகு வயிறு சேணத்தில் படக் குப்புறச் சாய்ந்து இறங்குவது. ஒவ்வொரு படியும் ஐந்துக்கு நான்கு முறை சரியாக வந்தால்தான் அடுத்தது. நகர்ந்தால் இழுக்காமல் சுற்றிக் கூட்டிவந்து முந்தைய படிக்குப் போங்கள். ஏறி உட்கார்ந்ததும் ஒரு துண்டு, ஐந்து நொடி, இன்னொரு துண்டு. ஏறியவுடன் கிளம்பாதீர்கள். அந்தப் பழக்கத்தால்தான் அது கால் பட்டதும் நடக்கிறது.

கொடைக்கானல், ஏரிப் பக்கம்: நாங்க சுத்துலா ஆளுங்களை ஏத்துறோம். எடைக்குக் கணக்கு இருக்கா?

இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். வருவது குதிரையின் எடை. சுற்றளவு 140, நீளம் 145 என்றால் ஏறக்குறைய 239 கிலோ. அதன் மேல் ஏற்றலாம் என்பது சேணத்தோடு சேர்த்து அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 48 கிலோ. எண்பது கிலோ ஆளை அதன் மேல் ஏற்றிவிட்டு ‘முரண்டு பிடிக்குது’ என்று என்னிடம் கேட்காதீர்கள்.

குன்னூர்: திரும்பி வரும்போது லாயம் தெரிஞ்சதும் ஓட்டம்தாங்க. கடிவாளத்தை இழுத்தா இன்னும் வேகமா போகுது.

நிற்பதைத் தரையில் தொடங்குங்கள். பக்கத்தில் நடந்தபடி ‘ஹோ’ சொல்லி, மூச்சை விட்டு, நீங்கள் நில்லுங்கள். நான்கு காலும் நின்றதும் சத்தம், தீனி. ‘ஹோ’வுக்கு மட்டுமே நிற்கும்போது மேலே ஏறுங்கள். சேணத்திலிருந்து கொடுக்கும்போது ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம். ஒரே பக்கம் கொடுத்தால் கழுத்து அந்தப் பக்கமே வளைந்து நிற்கும். லாயத்தின் பக்கம் முதல் வாரம் போகாதீர்கள். பிறகு லாயம் தெரியும் இடத்துக்கு இருபதடி முன்பே நிறுத்தி, கூலி கொடுத்து, திரும்பி எதிர்த்திசையில் நடங்கள். அந்த இருபதடி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும். ஒரு ‘ஹோ’வுக்கு நிற்கவில்லை என்றால் பத்துமுறை கத்தாதீர்கள், இடம் அதற்கு இன்னும் கடினம் என்று பொருள்.

ஊட்டி: நான் சொன்னா செய்யுது, என் பையன் அதே வார்த்தையைச் சொன்னா நின்னு பாக்குது.

அது வார்த்தையைப் படிக்கவில்லை, உங்கள் தோளைப் படித்திருக்கிறது. பெர்லினில் கணக்குப் போடுவதாகப் பேர்வாங்கிய ஹான்ஸ் குதிரையும் இப்படித்தான். கேட்பவருக்கே விடை தெரியாதபோது அது தோற்றது, கேட்பவரின் நுண்ணிய அசைவைப் பார்த்துத்தான் குளம்பு தட்டியது என்று 1907-இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் எழுதினார். பையன் தன் கையாலேயே முதல் படியிலிருந்து பத்து நாள் செய்யட்டும்.

பூம்பாறை: மஞ்சு இறங்குனா ரெயின்கோட்டு, குடையைக் கண்டு மிரளுது. காட்டுமாடு வாடைக்கும்தான்.

குடைக்கு வழி உண்டு. மடக்கிய குடையோடு ஓர் ஆள் தூரத்தில் நிற்கட்டும். குதிரை அதைப் பார்த்த பிறகும் தீனியை மெல்ல எடுத்துத் தின்றால் தூரம் சரி. பிடுங்கித் தின்றாலோ, தின்னவே மறுத்தாலோ பத்தடி பின்வாங்குங்கள். ஆள் விலகிப் போகட்டும், குதிரை பின்னால் நடக்கட்டும். துரத்துகிற பொருள் துரத்தப்படுகிற பொருளாகும்போது பயம் சீக்கிரம் தணியும். விரிப்பது கடைசி.

காட்டுமாட்டுக்குப் பாடம் கிடையாது. அங்கே குதிரை சொல்வதுதான் சரி. இறங்கி, சத்தம் போடாமல் திரும்பி, வந்த வழியே கூட்டிப் போங்கள்.