டிராகன்ஃபிளை எப்போது கிளம்பினால் என்ன, தம்பி என்ன படிப்பது?

அக்கா, எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வு முடித்த கையோடு அணுவியல்தான் படிப்பேன், 2028 ஜூலையில் நாசாவின் டிராகன்ஃபிளை விண்கலம் கிளம்பியதும் இந்தத் துறைக்கு நல்ல காலம் பிறந்துவிடும் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். சொன்ன நாளில் கிளம்புமா என்றும் கேட்டீர்கள். கிளம்பலாம், தள்ளியும் போகலாம். முதலில் 2026 என்றார்கள், பிறகு 2027, பட்ஜெட் இழுபறியில் இப்போது 2028. சரி, அந்த நாளிலேயே கிளம்பினாலும் தம்பி அப்போது ஆறாம் படிவம் முடித்து யூ.பி.யூ. என்னும் பல்கலைக்கழக இடவிண்ணப்ப முடிவுக்குக் காத்துக்கொண்டிருப்பான். சனிக்கோளின் நிலவான டைட்டனில் அது போய் இறங்குவதே 2034இல்தான்.

அதில் இருப்பது அணு உலையும் இல்லை. புளூட்டோனியம்-238 சிதையும்போது வரும் சூட்டை மின்சாரமாக்கும் கருவி, 1977இல் போன வாயேஜர் விண்கலங்களில் இருப்பதும் இதே வகைதான். உலையை வைத்துப் பறக்கும் ராக்கெட் வேறு கதை: 2027இல் விடுவோம் என்ற டிராகோ திட்டத்தை 2025இல் மூடியே விட்டார்கள்.

தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அணு மின்கலத்தோடு 2009இல் செவ்வாய்க்குப் போகவேண்டிய கியூரியாசிட்டி ஊர்தி 2011க்குத் தள்ளிப்போனதற்கு அணு காரணமில்லை, அதை அசைக்கும் மோட்டார்கள் நேரத்துக்குத் தயாராகவில்லை, செவ்வாய்க்கு வழி 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும் என்பதால் இரண்டு வருடம் போச்சு. 1965இல் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய ஸ்நாப்-10ஏ அணு உலை 43 நாளில் நின்றதும் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் கெட்டதால்தான். இந்த வேலைக்கு மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் ஆட்கள் எவ்வளவு வேண்டும் என்று அவனே யோசிக்கட்டும்.

அதனால் முதல் பட்டம் அதில் ஒன்றாக இருக்கட்டும். நிபோங் திபாலில் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது, விண்வெளிப் பொறியியலும் அங்கேயே உண்டு. ஒன்றும் சரிவராவிட்டால் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் இருக்கவே இருக்கின்றன. இல்லை, அணுவியல்தான் என்றால் பாங்கியில் யூ.கே.எம். பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது, 1982இல் ஓடத் தொடங்கிய ஆய்வு உலையும் அந்தப் பக்கம்தான். ஆனால் வேலை பெரும்பாலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு, மருத்துவமனை, தொழிற்சாலைச் சோதனை என்றுதான் வரும். நல்ல வேலைதான், ராக்கெட் வேலை இல்லை, அவ்வளவே. நாசாவின் நேரடி வேலைக்குப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள், இதை இப்போதே அவன் காதில் போட்டுவையுங்கள்.

அப்புறம், ஆறாம் படிவத்தில் ஃபிசிக்ஸோடு மேத்ஸ் டி என்னும் கணிதப் பாடத்தையும் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். விண்ணப்பப் பாரம் நிரப்புவதற்கு முன்னால் அவனையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை வாருங்கள், ரிசல்ட் ஸ்லிப்பை மறக்காமல் கொண்டுவாருங்கள்.