ஏஜென்டுக்குப் போன கமிஷன்: படிவம் 5500-ல் பூஜ்யம் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். நியூஜெர்சியில் ஐடி ஆட்களை அனுப்பும் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் 401கே பிளானில் (ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம்) 134 பேருக்குக் கணக்கு இருக்கிறது, மொத்தம் சுமார் 38 லட்சம் டாலர், எல்லாம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் குரூப் ஆன்யுட்டி (எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓய்வூதிய) ஒப்பந்தத்தில். ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர், பதினோரு வருடப் பழக்கம். பிளானைப் பற்றி வருடா வருடம் அரசுக்குப் போடும் அறிக்கையான படிவம் 5500-க்காக, இந்த வருடம் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய தாளில் அவர் பெயருக்கு எதிரே 9,500 டாலர் கமிஷன், தனியாக 2,200 டாலர் போனஸ் என்று இருக்கிறது. "அது கம்பெனி எனக்குக் கொடுப்பது, உங்கள் பிளானிலிருந்து போகவில்லை, பூஜ்யம் போடுங்கள்" என்கிறார். போன வருடம் அப்படித்தான் போட்டோம். அவர் ஹவாய் டூர் ஜெயித்ததாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். என்ன செய்வது?

பதில்: பூஜ்யம் போடாதீர்கள். பிளான் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள், அவர் இல்லை. எழுதியது பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடுதான் அந்தக் கையெழுத்து போகிறது.

அவர் சொல்வதில் பாதி உண்மை. செக் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்துதான் அவருக்குப் போகிறது. ஆனால் படிவத்தோடு சேர்க்கும் இன்சூரன்ஸ் இணைப்பான ஷெட்யூல் ஏ கேட்பதே அதைத்தானே, கம்பெனி இந்த ஒப்பந்தத்துக்காக யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று. அப்புறம் அந்த 9,500 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 38 லட்சத்தில் கால் சதவீதம், சரியாக 9,500. உங்கள் ஆட்களின் கணக்கிலிருந்து வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிற கட்டணத்துக்குள்தான் இது உட்கார்ந்திருக்கும். சம்பளத்தில் மாதம் 300 டாலர் ஒதுக்கும் ஒரு பையனுக்கு இது தெரியாமல் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. தெரியட்டும் என்றுதான் 1974-ல் வந்த எரிசா என்ற ஊழியர் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கேள்வியை வைத்திருக்கிறது. படிவம் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும், உங்கள் ஊழியரே தேடி எடுத்துப் படிக்கலாம்.

எங்கே எதை எழுதுவது? ஷெட்யூல் ஏ-வின் 2-வது வரியில் மொத்தம் வரும், கமிஷன் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். 3-வது வரியில் பணம் வாங்கிய ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும், அதிகம் வாங்கியவர் முதலில். ஒப்பந்தத்தை விற்றதற்கு, அந்த ஒப்பந்தத்தின் மேலேயே ஏற்றிக் கொடுக்கும் கமிஷன் ஒரு கட்டம், அதில் 9,500. போனஸ் அந்தக் கட்டத்தில் சேராது, பக்கத்தில் உள்ள 'ஃபீஸ்' கட்டத்தில் 2,200 என்று எழுதி, எதற்காக என்றும் ஒரு வார்த்தை எழுத வேண்டும். இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கான குறியீடு 3. உங்கள் டிபிஏ-வுக்கும் (பிளானின் நிர்வாக வேலையைப் பார்க்கும் வெளி நிறுவனம்) இன்சூரன்ஸ் கம்பெனி ஏதாவது கொடுத்திருந்தால் அதற்குத் தனிப் பதிவு, குறியீடு 5. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி தன் சொந்த நிர்வாக வேலையை, கணக்கு எழுதுவது மாதிரி, டிபிஏ-விடம் கொடுத்து அதற்குக் கூலி தந்திருந்தால் அது இங்கே வராது. எது எதற்கு என்று டிபிஏ-விடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போனஸ் விஷயத்தில் பலரும் தடுமாறுகிறார்கள், காரணமும் உண்டு. 2004 அக்டோபரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர், மார்ஷ் என்ற பெரிய புரோக்கர் கம்பெனி மீது வழக்குப் போட்டார். வாடிக்கையாளருக்கு நல்லதைத் தேடிக் கொடுக்க வேண்டிய புரோக்கர், பின்னால் கிடைக்கும் தனிக் கமிஷனுக்காக வியாபாரத்தைத் திருப்பிவிடுகிறார் என்பது குற்றச்சாட்டு. அடுத்த பிப்ரவரியிலேயே தொழிலாளர் துறை ஒரு விளக்கம் வெளியிட்டது: ஓய்வூதிய பிளான்களின் ஒப்பந்தங்களைக் கொண்டுவந்ததற்காகவோ, அவை கைவிட்டுப் போகாமல் காத்ததற்காகவோ கொடுக்கும் எந்தப் போனஸும் ஷெட்யூல் ஏ-வில் வர வேண்டும்.

ஹவாய் டூரும் அப்படித்தான். பரிசு, கப்பல் பயணம், கிளப் மெம்பர்ஷிப், கார் லீஸ் எல்லாமே படிவத்தின் வழிமுறைகளில் பெயர் சொல்லியே இருக்கின்றன. 50 டாலருக்குக் குறைவான சின்னப் பரிசு, அதுவும் ஒரே இடத்திலிருந்து வருடத்துக்கு மொத்தம் 100 டாலரைத் தொடாமல் இருந்தால் விட்டுவிடலாம். ஹவாய் அந்தக் கணக்கில் வராது. அந்த டூர் உங்கள் ஒரு பிளானால் மட்டும் கிடைத்திருக்காது, பத்து இருபது கம்பெனிகளின் வியாபாரம் சேர்ந்து கிடைத்திருக்கும், அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று நியாயமான ஒரு முறையில் பிரித்துச் சொல்வது இன்சூரன்ஸ் கம்பெனியின் வேலை. உங்களுக்கு வந்த தாளில் டூர் இல்லை என்பதால் அவர்களுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள்: "இந்த ஒப்பந்த எண்ணுக்காக ஏஜென்டுக்குப் பணமாக இல்லாமல் ஏதாவது கொடுத்தீர்களா, கொடுத்திருந்தால் எங்கள் பங்கின் மதிப்பு என்ன?" பிளான் வருடம் முடிந்து 120 நாளுக்குள் இந்த விவரங்களைத் தருவது சட்டப்படி அவர்கள் கடமை. தரவில்லை என்றால் நான்காம் பகுதியில் 11-வது வரியில் 'ஆம்' போட்டு, என்ன தரவில்லை என்று 12-ல் எழுதிவிடுங்கள்.

அந்தத் தாளில் தேதியையும் பாருங்கள். ஒப்பந்த வருடம் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று இருந்தால், உங்கள் பிளான் வருடத்துக்குள் எது முடிகிறதோ அந்த ஒப்பந்த வருடத்தின் தொகைதான் போக வேண்டும்.

நண்பரிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. பொங்கல் விழாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் பணக் கணக்குக் கேட்பது கஷ்டம்தான். ஆனால் நீங்கள் அவரைச் சந்தேகப்படவில்லை, படிவம் கேட்கிறது, அவ்வளவே. உண்மையில் 2012 ஜூலை முதல், 1,000 டாலரோ அதற்கு மேலோ வரும் என்று எதிர்பார்க்கிற ஏஜென்ட் அதை முன்கூட்டியே எழுத்தில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காகிதம் உங்கள் ஃபைலில் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள், பிறகு பேச்சு சுலபமாகிவிடும். வருடத்துக்கு எத்தனை தடவை வந்து ஊழியர்களோடு பேசினார், யாருடைய சந்தேகத்தைத் தீர்த்தார் என்றும் எழுதிப் பாருங்கள். அந்த வேலைக்கு 11,700 டாலர் நியாயமா என்று முடிவு செய்வதும் உங்கள் பொறுப்புதான். அதிகம் என்று பட்டால் கமிஷனைக் குறைத்து அந்தப் பணத்தை ஊழியர்கள் பக்கம் விடச் சொல்லி கம்பெனியிடம் பேசலாம், பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

காலண்டர் வருட பிளான் என்றால் கடைசி நாள் ஜூலை 31. டூர் விவரம் அதற்குள் வராது என்று தோன்றினால் படிவம் 5558 போட்டு அக்டோபர் 15 வரை தள்ளுங்கள். தள்ளாமல் தாமதித்தால் ஐஆர்எஸ் (வரித்துறை) தன் பங்குக்கு மட்டும் நாளுக்கு 250 டாலர் கேட்கலாம்.

போன வருடப் படிவத்தையும் அப்படியே விடக்கூடாது. நேரத்தில் போட்டதுதான், தகவல்தான் தப்பு, அதனால் தாமதமாகப் போடுகிறவர்களுக்கான சலுகைத் திட்டம் உங்களுக்குத் தேவையில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போன வருடத் தாளைத் திரும்ப வாங்கி, முதல் பக்கத்தில் திருத்திய படிவம் என்ற கட்டத்தை டிக் செய்து, இஃபாஸ்ட்2 என்ற அரசின் ஆன்லைன் தளத்தில் மறுபடி போடுங்கள். ஷெட்யூல் ஏ-வை மட்டும் அனுப்பினால் போதாது. ஆடிட்டர் ரிப்போர்ட் உட்பட அந்த வருடத்து ஃபைல் முழுவதும் மீண்டும் போக வேண்டும், ஆகவே ஆடிட்டருக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.