உறுப்பினரின் கணக்கில் வராத சொத்து: முறைப்பாடு எங்கே?

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கணக்கில் வராத காணியும் வாகனமும் இருப்பதாக நாடாளுமன்ற ஒழுக்கவியல், சிறப்புரிமைகள் குழுவுக்குக் கடிதம் அனுப்பியும் பதில் வரவில்லை, இனி எங்கே முறையிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பதிலுக்காகக் காத்திருக்காமல், அச்சொத்து பற்றிய முறைப்பாட்டை கொழும்பு 7, மலலசேகர மாவத்தையிலுள்ள இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் நேரடியாகக் கொடுங்கள்.

பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: அக்குழு பார்ப்பது உறுப்பினர்களின் நடத்தையையும் சபையின் சிறப்புரிமை மீறல்களையுமே, சொத்துச் சேர்ப்பைக் குற்றமாகப் புலனாய்வு செய்து வழக்குத் தொடரும் அதிகாரம், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி ஆணைக்குழுவுக்கே உண்டு. சக உறுப்பினர்களே விசாரிக்கும் குழுவை மட்டும் மக்கள் நம்பியிருக்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

முதலில், ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்த உறுப்பினரின் சொத்து, பொறுப்பு வெளிப்படுத்தலை (தம் சொத்துகளையும் கடன்களையும் அவர் அறிவிக்கும் ஆவணத்தை) தேடி, நீங்கள் குறிப்பிட்ட காணியும் வாகனமும் அதில் உள்ளனவா என ஒப்பிடுங்கள். தனிப்பட்ட சில விபரங்கள் அங்கே மறைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒன்று காணப்படாததே சான்றாகிவிடாது. பொய்யெனத் தெரிந்தே குற்றஞ்சாட்டுவது அதே சட்டத்தின்படி குற்றம் என்பதால், அறிந்ததை மட்டும் எழுதுங்கள்.