டீச்சரிட்டக் கேளுங்க: சிலுவைய உள்ள போட்டுட்டு விலை பேசுங்க

இந்த முறை வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாம் எடுத்துப் பார்த்தா எல்லாருக்கும் ஒரே கரைச்சல்தான். முன்னப்பின்னத் தெரியாத ஆக்களுக்கு நடுவில நாங்க கிறிஸ்தவங்க எண்டு எப்பிடி இருக்கிறது, எவ்வளவு காட்டுறது, எங்க வாயப் பொத்துறது. அஞ்சு கேள்விய எடுத்தன். முதல் கேள்வியே பாதி இடத்தப் பிடிச்சிட்டுது, மற்ற ஆக்கள் கோவிக்காதீங்க.

கேள்வி: டீச்சர், நான் உப்புவெளி, ஆட்டோ ஓடுறன். பின் கண்ணாடியில "இயேசு ஜீவிக்கிறார்" எண்டு பெரிய ஸ்டிக்கர், அம்மா ஆசைப்பட்டு ஒட்டினது. போன மாசம் விடியக்காலம் நைட் மெயிலில வந்து இறங்கின ஒரு குடும்பத்த ஸ்டேஷனில ஏத்தினன். வழமையா 600 ரூபாய்க்கு ஓடுற தூரம், நல்ல மழை, வேற ஆட்டோவும் இல்ல, நான் 1500 கேட்டன். இறங்கி காசத் தந்துட்டு அந்த ஐயா ஸ்டிக்கரக் கையால தட்டி, "இவர் ஜீவிக்கிறார் எண்டா இதையும் பார்த்துக்கொண்டுதானே இருப்பார் தம்பி" எண்டுட்டுப் போயிட்டார். ரெண்டு கிழமையா மனசு சரியில்ல. ஸ்டிக்கரக் கழட்டிடவா? கழட்டினா கர்த்தர மறுதலிச்ச மாதிரி ஆகாதா?

பதில்: கழட்ட வேண்டாம் தம்பி. ஏன் எண்டு சொல்ல முதல் என்ட வெக்கக்கேட்டக் கேளுங்க.

கொஞ்ச வருசத்துக்கு முதல் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிஞ்ச கையோட மீன் வாங்கப் போனன். வெள்ளைச் சாரி, கையில பைபிள் பேக், கழுத்தில சிலுவை நல்லா வெளியில தெரியுது. ஒரு அம்மா வெயிலுக்குள்ள சாக்க விரிச்சு சூடை மீனக் கூறு கூறா வச்சிருந்தா, கூறு 200. மூண்டு கூற 400க்குத் தா எண்டு நான் நிண்டன். அவ ஏலாது எண்டா. நான் ஒரு மீனத் தூக்கி செவுளத் திறந்து பார்த்துட்டு "இது நேத்தைய மீன்" எண்டன். செவுள் சிவப்பெண்டா அப்பிடிச் சிவப்பு, காலமை கரைவலையில வந்த மீன் எண்டு எனக்கு நல்லாத் தெரியும், கடற்கரையில பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா. அவ என்ட முகத்தப் பார்க்கல்ல, கழுத்தப் பார்த்தா. "அம்மா, சிலுவைய உள்ள போட்டுட்டு விலை பேசுங்க" எண்டா. கத்தவும் இல்ல ஒண்டும் இல்ல, சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு மீன அள்ளிப் போட்டா.

நான் என்ன செய்தன் தெரியுமா, உண்மையாவே சிலுவைய சாரிக்குள்ள போட்டன். வீடு வரைக்கும் உள்ளதான். பகலைக்கு வெறும் பருப்பும் சோறும்.

பிறகுதான் யோசிச்சன், அவ என்ன சிலுவையில பிழையா கண்டா? அவவுக்கு சிலுவை எண்டா இன்னது எண்டு தெரிஞ்சிருக்கு, அத வச்சுத்தான் என்ன அளந்திருக்கிறா. அவ சைவமோ கிறிஸ்தவமோ எனக்கு இண்டைக்கும் தெரியாது. உங்கட ஆட்டோவில வந்த ஐயாவும் அதேதான். ஃப்ரிட்ஜ் வாங்கேக்க ஒரு வாரண்டி கார்ட் தருவாங்களே, நீங்க பின் கண்ணாடியில ஒட்டினது அதுதான், அவர் அத எடுத்துக் காட்டிட்டுப் போயிட்டார். கார்டக் கிழிச்சா சாமான் திருந்தாது.

மறுதலிக்கிறதப் பற்றிக் கேட்டீங்க. இயேசுவின்ட சீஷன் பேதுரு அவர எங்க மறுதலிச்சார் எண்டு பாருங்க, பேர் தெரியாத ஆக்களுக்கு நடுவில, ஒரு வேலைக்காரப் பிள்ளை கேட்ட கேள்விக்கு. அவர் என்னதான் ஒளிச்சாலும் கலிலேயாப் பேச்சு அவரக் காட்டிக் குடுத்திட்டுது, கொழும்பில ஒரு கடைக்குள்ள போய் நாங்க வாயத் திறந்த உடன "நீங்க திருகோணமலைப் பக்கமா?" எண்டு கேக்கிறாங்களே அப்பிடி. ஸ்டிக்கர் இல்லாட்டியும் உங்கடது தெரியும் தம்பி.

இனி காசுக்கு வருவம். வரி வாங்கிற சகேயு ஏமாத்தி வாங்கினத நாலு மடங்காத் திருப்பித் தாறன் எண்டார், சும்மா மனசுக்குள்ள இல்ல, ஆக்கள் கேக்கச் சொன்னார். அவர வேலைய விடச் சொன்னதா வேதத்தில இல்ல, கவனிச்சீங்களா. உங்களுக்கு அந்தக் குடும்பத்த இனிப் பிடிக்க ஏலாது. கூட வாங்கினது 900. அடுத்த மழையில குடையில்லாம நிக்கிற ஆர் எண்டாலும் பரவாயில்ல, சும்மா கொண்டு போய் விடுங்க, 900 தீரும் வரைக்கும். பிறகு ஸ்டிக்கருக்குக் கீழ, இல்லாட்டி உங்கட சீட்டுக்குப் பின்னால, ஆக்களுக்குத் தெரியிற மாதிரி ஸ்டேஷன் – உப்புவெளி பகலில இவ்வளவு, இரவில இவ்வளவு எண்டு எழுதிப் போடுங்க. இரவுக்குக் கொஞ்சம் கூட வாங்கிறது நியாயம், நித்திரை முழிக்கிறீங்கதானே, ஆனா ஏற முதல் சொல்லுங்க. மழைக்குக் கூட வாங்கிறது நியாயம் இல்ல, மழைய நீங்க பெய்ய வைக்கல்ல.

கேள்வி: நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிறன். ஸ்டாஃப் கன்டீனில சாப்பிட முதல் ஜெபம் பண்ண வெக்கமா இருக்கு, எல்லாரும் பார்ப்பாங்க. மனசுக்குள்ள செய்தாப் போதுமா?

பதில்: வீட்டில கண்ண மூடி செய்யிற பழக்கம் இருந்தா அங்கயும் அப்பிடியே செய்யுங்க மகள், வீட்டில இல்லாத பழக்கம் கன்டீனில மட்டும் வந்தா அது வேற வியாதி. அஞ்சு செக்கன் வேலை. கண்ணத் திறந்த உடன சோறு போட்டுத் தந்த தம்பிக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க, அவர் காலமை நாலு மணிக்கு அடுப்புப் பத்த வச்சவர்.

கேள்வி: நாங்க ஒரு சபையின்ட வாலிபர் குழு. மாசத்தில ஒரு சனி பஸ் ஸ்டாண்டில சுவிசேஷக் கைப்பிரதி குடுக்கிறம். இப்ப சில பேர் கோணேசர் கோயிலுக்குப் போற கோட்டை வாசலிலயும் ஆஸ்பத்திரி வாட்டிலயும் குடுக்கலாம் எண்டு சொல்றாங்க. ஒரு அண்ணா வேண்டாம் எண்டு சண்டை பிடிக்கிறார், அவருக்கு விசுவாசம் காணாது எண்டு மற்ற ஆக்கள் சொல்றாங்க. யார் சரி?

பதில்: அந்த அண்ணா சரி. விசுவாசம் இல்லாதவர் எண்டு சொன்ன ஆக்கள் அவரிட்ட மன்னிப்புக் கேளுங்க முதல்.

சட்டம் எண்டு பார்த்தா எங்கட அரசியலமைப்பில 10ஆம் உறுப்புரை எந்த மதத்தையும் நம்பிற சுதந்திரத்த எல்லாருக்கும் தருது, 14ஆம் உறுப்புரை அத வழிபாட்டிலயும் போதனையிலயும் வெளியில காட்டுற உரிமையப் பிரஜைகளுக்குத் தருது. சரி. ஆனா அதே நாட்டில 2004இல பலவந்த மதமாற்றத்தத் தடை செய்யிறதுக்கு எண்டு சட்டமூலமே பாராளுமன்றத்துக்கு வந்தது, சட்டமா ஆகல்ல, ஆனா ஆக்களின்ட மனசில என்ன கிடந்தது எண்டு அதில தெரிஞ்சுது. அந்த வருசக் கடைசியிலதான் சுனாமி. ஒரு முகாமில குடுத்த சாமான் பொதி ஒண்ட நான் பிரிச்சுப் பார்த்தன், அரிசிக்கும் சவுக்காரத்துக்கும் நடுவில கைப்பிரதி. பிள்ளையக் கடலுக்குக் குடுத்துட்டு இருந்த ஒரு தாய் அத எடுத்து, மடிச்சு, பேசாம அரிசிப் பேக்குக்குக் கீழ வச்சா. அத வாசிக்க மாட்டன் எண்டு சொல்ற நிலையிலயா அவ இருந்தா, அரிசி வேணுமே. அந்த மடிச்ச கை இன்னும் எனக்குள்ள கிடக்கு.

அதால நான் வச்சிருக்கிற அளவு ஒண்டுதான், எழும்பிப் போக ஏலாத ஆளுக்கு ஒண்டையும் நீட்டாதீங்க. சேலைன் ஏறுற கையில கைப்பிரதியத் திணிக்கிறது சுவிசேஷம் இல்ல. வாட்டுக்குப் போக ஆசை எண்டா சுடுதண்ணிப் போத்தல் நிரப்பிக் குடுங்க, ஆக்கள் வராத நோயாளிக்கு மருந்துத் துண்டக் கொண்டு போய் மருந்தெடுத்துக் குடுங்க. ஏன் இதெல்லாம் செய்யிறீங்க எண்டு அவங்களே கேட்டா அப்ப சொல்லுங்க, பேதுரு எழுதினதும் அதுதானே, காரணம் கேக்கிற ஆளுக்குப் பதில் சொல்ல ஆயத்தமா இருங்க, அதுவும் சாந்தமாச் சொல்லுங்க எண்டு. கேக்காத ஆளின்ட காதுக்குள்ள போய்க் கத்தச் சொல்லி எழுதல்ல.

கோட்டை வாசல் வேண்டவே வேண்டாம். கோயிலுக்கு நேர்த்தி வச்சுப் போற ஆள மறிச்சு நீட்டுறத, எங்கட சேர்ச் வாசலில ஒருத்தர் வந்து செய்தா எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்க. சொன்னா சிரிப்பீங்க, அங்க நிக்கிற மான்களுக்கு ஆக்கள் கீழ போடுற கடதாசி, பொலித்தீன் எல்லாம் சாப்பாடுதான், நீங்க அச்சடிக்கிறதில பாதி அதுகளின்ட வயித்துக்குள்ளதான் போகும்.

கேள்வி: டீச்சர், என்ட மகளின்ட கிளினிக்குக்காகக் கொழும்புக்கு ரெயிலில போனம். எனக்குச் சிங்களம் அவ்வளவு வராது. பக்கத்தில வெள்ளை உடுப்போட ஒரு சிங்கள அம்மா, சேருவில விகாரைக்கு வந்துட்டுத் திரும்பிப் போறாவாம். கல்லோயா தாண்ட மகளுக்குக் காய்ச்சல் கூடிட்டுது. அந்த அம்மா தன்ட பிளாஸ்க்கில இருந்து சுடுதண்ணி தந்தா, துணி நனைச்சு நெத்தியில வச்சா, விடிய விடிய முழிச்சிருந்தா. இறங்க முதல் தன்ட கையில கட்டியிருந்த பிரித் நூல, பிக்குமார் பிரித் ஓதிக் கட்டிற நூல, கழட்டி மகளின்ட கையில கட்டி ஏதோ சொல்லிக் கும்பிட்டா. நான் தடுக்கல்ல. இயேசுவப் பற்றியும் ஒரு சொல்லுச் சொல்லல்ல. எங்கட சபையில ஒரு அக்கா, "நல்ல சந்தர்ப்பத்த விட்டுட்டீங்க, நூலையும் கட்ட விட்டுட்டீங்க" எண்டு பேசுறா. நான் செய்தது பாவமா?

பதில்: உங்கட கடிதத்த மூண்டு தரம் வாசிச்சன் தங்கச்சி.

நல்ல சமாரியன் கதைய, கள்ளர் அடிச்சு ரோட்டில போட்டுட்டுப் போன ஆள ஒரு சமாரியன் தூக்கிக் காப்பாத்தின கதைய, நாங்க எத்தின தரம் கேட்டிருப்பம், ஒவ்வொரு தரமும் நாங்கதான் சமாரியன், கழுதையில ஏத்திறது நாங்க, எண்ணெய் ஊத்திறது நாங்க, சத்திரக்காரனுக்கு ரெண்டு பணம் குடுக்கிறதும் நாங்கதான். ஆனா இயேசு அந்தக் கதையச் சொன்னது ஒரு யூத நியாயசாஸ்திரிக்கு, அவருக்குச் சமாரியன் எண்டாலே ஆகாது. உனக்கு ஆகாதவன் வந்து உன்னத் தூக்குவான் எண்டுதான் அவருக்குக் கேட்டிருக்கும். கல்லோயாவில நீங்க ரோட்டில விழுந்து கிடந்த ஆள், அவ்வளவுதான். விழுந்து கிடக்கிற ஆள் பிரசங்கம் பண்ணத் தேவையில்ல, தண்ணியக் குடிக்க வேணும்.

வாங்கிறதும் சாட்சிதான், அத நாங்க பெரிசா எடுக்கிறதில்ல. சீகார் ஊருக் கிணத்தடியில இயேசு ஒரு சமாரியப் பொம்பிளையோட கதையத் தொடங்கினதே "தாகத்துக்குத் தா" எண்டு கேட்டுத்தான், குடுத்து இல்ல. எங்கட ஆக்களுக்குக் குடுக்கத்தான் தெரியும், ஒரு சைவ வீட்டில, ஒரு முஸ்லிம் நானா வீட்டில பிளேன்டீ வாங்கிக் குடிக்க ஆயிரம் யோசனை.

நூலுக்கு வருவம். இதில எல்லாப் பாஸ்டர்மாரும் என்னோட ஒத்துவர மாட்டாங்க, பரவாயில்ல, கேள்வி எனக்குத்தான் வந்திருக்கு. அவ தன்னிட்ட இருந்ததில பெறுமதியான ஒண்ட, தான் பயணம் போய் வாங்கிக் கட்டினத, பேர் தெரியாத பிள்ளைக்குக் கழட்டிக் கட்டினா. அவவுக்கு முன்னாலயே அத அறுத்து எறிஞ்சிருந்தா அது விசுவாசம் இல்ல, முரட்டுத்தனம். உங்கட விசுவாசம் நூலில இல்ல எண்டு உங்களுக்குத் தெரியும், வீட்ட வந்து கழட்டினாலும் சரி, தானா அறும் வரைக்கும் விட்டாலும் சரி, மகளுக்கு நித்திரை முழிச்ச அந்த அம்மாவப் பற்றிச் சொல்லுங்க. மந்திரக் கயிறு எண்டு சொல்லிப் பயப்படுத்தாதீங்க.

ஒண்டு மட்டும் விட்டுட்டீங்க எண்டு நான் சொல்லுவன். அவ கும்பிட்ட நேரம், உங்களுக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்தில, இல்லாட்டிக் கையால காட்டியாவது, நானும் உங்களுக்காக ஜெபிக்கிறன் எண்டு சொல்லியிருக்கலாம். அவ கோவிச்சிருக்க மாட்டா. அந்த நேரம் உங்களுக்கு எப்பிடி இருந்தது எண்டும் யோசிச்சுப் பாருங்க, வேற சமயத்து ஆள் வந்து உங்கட பிள்ளைக்கு மேல கை வைக்கேக்க ஒரு சின்னக் கூச்சம் வந்திருக்கும், இவ்வளவு அன்பா வச்சும். நாங்க கேக்காமப் போய் "ஜெபிக்கிறன்" எண்டு தலையில கை வைக்கிற ஆக்களுக்கும் அதேதான் வரும். கேட்டுட்டு வையுங்க. மகளுக்கு இப்ப எப்பிடி எண்டு எழுதல்லையே, கட்டாயம் எழுதுங்க.

கேள்வி: கிண்ணியா பஸ்ஸில கொண்டக்டர் மிச்சம் தரேக்க 500 ரூபாய் கூடத் தந்துட்டார். அடுத்த நாள் தேடிப்போய்க் குடுத்தன். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில அதச் சொன்னன், எல்லாரும் கைதட்டினாங்க, தம்பி மட்டும் "பெருமைக்குச் சொன்னனீ" எண்டு நக்கலடிக்கிறான். நான் சொன்னது பிழையா?

பதில்: காசத் திருப்பிக் குடுத்தது சரி, அந்த 500 இரவுக் கணக்கில அவரின்ட சட்டைப்பையில இருந்துதான் போயிருக்கும். இயேசுவின்ட மலைப்பிரசங்கத்தில ரெண்டும் இருக்கு, உங்கட வெளிச்சம் ஆக்களுக்கு முன்னால தெரியட்டும் எண்டும் இருக்கு, ஆக்கள் பார்க்கவேணும் எண்டு தர்மம் செய்யாதீங்க எண்டும் இருக்கு. கொண்டக்டர் பார்த்தது முதலாவது. கைதட்டு ரெண்டாவதுக்குக் கிட்டப் போயிட்டுது, தம்பி சொல்றதில கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா அவனுக்கு அதச் சொல்லாதீங்க, பிறகு வீட்டில இருக்க ஏலாது. இனி அந்த பஸ்ஸில ஏறேக்க சில்லறையாக் கொண்டு போங்க, காலமை 5000 தாளை நீட்டுற ஆக்களாலதான் அந்த மனுசனுக்குக் கணக்குப் பிழைக்கிறது.