பல் சீரமைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் 8 வயது மகள் வாயை மூடும்போது வலப்பக்க மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாக இறங்குகின்றன. பாற்பற்கள் எல்லாம் விழுந்த பிறகு கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா? (நெல்லிக்குப்பம் வாசகி)

பதில்: முன்பற்கள் சற்றுக் கோணலாக முளைத்திருந்தால் நானும் பொறுத்திருக்கவே சொல்வேன், இது அப்படிப்பட்டதல்ல. மேல்தாடை குறுகியிருப்பதால், பற்களைப் பொருத்திக் கடிப்பதற்காகக் குழந்தை கீழ்த்தாடையை ஒரு பக்கம் ஒதுக்கிச் சாப்பிடப் பழகியிருக்கக்கூடும். வளரும் வயதில் அது நீடித்தால் தாடையே சமமில்லாமல் வளர இடமுண்டு. மேல்தாடை என்பது அண்ணத்தின் நடுவே இணையும் இரண்டு எலும்புகள். அந்த இணைப்பு சிறு வயதில் இறுகியிராது என்பதால், எக்ஸ்பேண்டர் என்னும் கருவியைப் பொருத்தி, அதன் நடுத்திருகைச் சிறு சாவியால் பெற்றோரே வீட்டில் திருப்பித் தாடையை அகலப்படுத்தலாம். ஒரு திருப்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். இடையில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். இதைக் கண்டு பதறி ஓடிவரும் பெற்றோர் உண்டு. எலும்பு விரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம், சில மாதங்களில் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். பதின்வயது கடந்துவிட்டால் இதே வேலைக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். 7 வயதுக்குள் முதல் பரிசோதனை வேண்டும் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் சொல்வது இத்தகைய குறைகளை முன்கூட்டியே காண்பதற்காகத்தான். எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த வயதிலேயே கிளிப் மாட்டுவதற்காக அல்ல.

கேள்வி: 12 வயது மகனுக்கு எத்துப்பல், முகவாயும் உள்வாங்கியிருக்கிறது. கழற்றி மாட்டும் கருவியே போதும் என்கிறார்கள். சரிதானா? (பண்ருட்டி வாசகர்)

பதில்: அவர்கள் சொல்வது ட்வின் பிளாக்காக இருக்கலாம். ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கிய இக்கருவியில் மேலும் கீழுமாக இரண்டு அக்ரிலிக் தட்டுகள் உண்டு. அவற்றின் சாய்ந்த முகங்கள் ஒன்றோடொன்று முட்டி, வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்து நிறுத்தும். வளர்ச்சி வேகமெடுக்கும் இந்த வயதே அதற்கு ஏற்றது. ஆனால், தாடையையே நீட்டிவிடும் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். கிடைக்கும் மாற்றத்தில் கணிசமான பங்கு பற்கள் நகர்வதால் வருவது. பற்களை வரிசைப்படுத்தப் பின்னர் கிளிப்பும் பெரும்பாலும் தேவைப்படும். முதல் வாரம் பேச்சு குழறும், எச்சில் ஊறும். வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் கருவி ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போய்விடும்.

கேள்வி: எனக்கு 34 வயது. இனிமேல் பல் நகருமா? கம்பி தெரியாத அலைனர் (கழற்றி மாட்டும் நிறமற்ற பிளாஸ்டிக் உறை) போடலாமா? (முதலியார்பேட்டை வாசகி)

பதில்: ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் வயது தடையில்லை. மெல்லிய விசை தொடர்ந்து படும்போது ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாகப் படிவதால்தான் பல் நகர்கிறது. அது மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் என்பதால், கம்பியானாலும் அலைனரானாலும் அவசரப்படுத்த முடியாது. அலைனரை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் கழற்ற வேண்டும். அலுவலகத்தில் அடிக்கடி தேநீர் குடிப்பவருக்கு நான் கம்பியையே பரிந்துரைப்பேன். எக்ஸ்ரே எடுக்காமல், ஈறைப் பாராமல், அச்சை மட்டும் வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்பப்படும் அலைனர்கள் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கிளிப் போட்டவர்கள் பொங்கலுக்குக் கரும்பு கடிக்கலாமா?

பதில்: கூடாது, கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் பெயர்ந்து வரும். முறுக்குக்கும் கடலை உருண்டைக்கும் இதே பதில்தான். பலாச்சுளையைச் சிறிதாக நறுக்கிச் சாப்பிடலாம்.

கேள்வி: கிளிப்பைக் கழற்றி ஓராண்டில் கீழ் முன்பற்கள் மீண்டும் நெருக்குகின்றன. சிகிச்சை சரியில்லையா? மறுபடி செலவு செய்ய வசதியில்லை. (கடலூர் வாசகர்)

பதில்: கிளிப்பைக் கழற்றியபின் பற்களை நிலைநிறுத்தத் தரும் ரிடெய்னரை ஒழுங்காக அணிந்தீர்களா என்பதே முதல் கேள்வி. பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் புதிய இடத்துக்குப் பழக ஓராண்டு வரை ஆகும். அதுவரை பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். சிகிச்சையே செய்துகொள்ளாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவது இயல்பு. பழைய ரிடெய்னர் சற்று இறுக்கமாக இருந்தாலும் முழுவதும் இறங்கினால் அணியத் தொடங்குங்கள். இறங்காவிட்டால் அழுத்தாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். குறைந்த செலவுக்கு, சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ, புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி முதுநிலைப் பல் மருத்துவ நிலையத்திலோ பல் சீரமைப்புத் துறையை அணுகலாம். போகும்போது பழைய எக்ஸ்ரேக்களையும் பல் அச்சுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.